அமெரிக்காவில் கட்டுப்படியாகும் கல்லூரிப் பட்டியல்: மெரிட் ஸ்காலர்ஷிப்பை நம்பித் திட்டமிடும் பெற்றோருக்கு

கணவன் மனைவி இருவரும் வேலை பார்க்கிறார்கள். வீட்டுக் கடன், கார் தவணை, ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு அனுப்புவது எல்லாம் போக மாதக் கடைசியில் கொஞ்சம் மிஞ்சுகிறது. பிள்ளையும் நன்றாகப் படிக்கிறது. கல்லூரி என்று பேச்சு வரும்போதுதான் கணக்கு இடிக்கிறது. பெயர்பெற்ற தனியார் கல்லூரிகள் பலவற்றில் டியூஷன், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடச் செலவு 90,000 டாலரைத் தாண்டிவிட்டது. நம் சம்பளத்தைப் பார்த்தால் அரசு உதவி கிடையாது. கையிலிருந்து கட்டவும் வழியில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் நம்மவர்களில் நிறைய. இவர்கள் நம்பக்கூடியது, வருமானத்தைப் பார்க்காமல் பிள்ளையின் மதிப்பெண்ணையும் திறமையையும் பார்த்துக் கல்லூரி தரும் மெரிட் ஸ்காலர்ஷிப்பைத்தான்.

எங்கள் மூத்த மகளுக்காக இதில் இறங்கியபோது தகவல் வரி, விசா, கல்விக் கடன் என்று பல மூலைகளில் சிதறிக் கிடந்தது. ஒன்றாகச் சேர்க்கப் பட்ட பாடு அடுத்தவர்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒன்பது முதல் பதினொன்றாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுடன் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கானது இது. தமிழ்நாட்டிலிருந்து எஃப்-1 விசாவில் நேரடியாக வர நினைப்பவர்களுக்கு 3, 4, 5 ஆகிய பகுதிகள் பெரும்பாலும் பொருந்தும்.

1. கல்லூரிப் பெயருக்கு முன்னால் தொகையைப் பேசுங்கள்

பட்டியலின் முதல் வரி ஒரு கல்லூரியின் பெயராக இருக்கக் கூடாது. "வருடத்துக்கு நம்மால் இவ்வளவுதான்" என்ற ஒரு எண்ணாக இருக்க வேண்டும்.

அந்த எண்ணுக்கு வருவது எளிது. கல்லூரிக்கான 529 சேமிப்புக் கணக்கில் இருப்பதை நான்கால் வகுங்கள். மாதச் சம்பளத்திலிருந்து நெருக்கடி இல்லாமல் ஒதுக்கக்கூடியதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டுங்கள். 529-இல் 80,000 டாலர் இருந்து, மாதம் 1,000 டாலர் ஒதுக்க முடியும் என்றால் வருடத்துக்கு 32,000. இதுதான் உங்கள் உச்சவரம்பு. பிள்ளையின் பெயரில் மத்திய அரசு தரும் கடன் முதல் வருடம் 5,500, இரண்டாம் வருடம் 6,500, அதன் பிறகு 7,500 வீதம், நான்கு வருடத்துக்கு மொத்தம் 27,000 டாலர். இதை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், உச்சவரம்பில் சேர்க்காதீர்கள்.

பெற்றோர் பெயரில் வாங்கும் பேரன்ட் பிளஸ் கடனுக்கு 2026 ஜூலை 1 முதல் வரம்பு வந்திருக்கிறது: ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர். "மீதியைக் கடன் வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பழைய ஆலோசனை இனி எடுபடாது. ஓய்வுக்காலச் சேமிப்பான 401(கே)-யைத் தொடுவதையும் கணக்கில் சேர்க்காதீர்கள். கல்லூரிக்குக் கடன் கிடைக்கும். ஓய்வுக்காலத்துக்கு யாரும் தர மாட்டார்கள்.

இரண்டாவது பிள்ளை இருந்தால் அதன் பங்கை இப்போதே எடுத்து வையுங்கள். முன்பெல்லாம் இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கல்லூரியில் இருந்தால் குடும்பம் கட்ட வேண்டிய தொகையைப் பிரித்துக் கணக்கிட்டார்கள். 2024-25 முதல், மத்திய அரசின் நிதி உதவிப் படிவமான ஃபாஃப்சாவின் கணக்கில் அந்தச் சலுகை இல்லை.

எண் கிடைத்ததும் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். நம் வீடுகளில் இதைத்தான் செய்யத் தயங்குகிறோம். "படிக்கிற பிள்ளைக்கு எதற்குப் பணக் கவலை" என்று மறைத்து வைத்து, ஏப்ரல் மாதம் அட்மிஷன் கிடைத்து அந்தக் கல்லூரியின் டிஷர்ட் வாங்கிய பிறகு "நம்மால் முடியாதும்மா" என்று சொல்வதைப் போன்ற கொடுமை வேறு இல்லை. பதினொன்றாம் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள். பல பிள்ளைகள் தாங்களே எக்செல் ஷீட் திறந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

2. தேவை அடிப்படையில் ஏதாவது கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்

"நமக்கெல்லாம் கிடைக்காது" என்று தள்ளிவிட வேண்டாம். 2025-26 முதல் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் வருமானம் 200,000 டாலர் வரை உள்ள, வழக்கமான அளவு சொத்து மட்டுமே வைத்திருக்கும் குடும்பங்களிடம் டியூஷன் வாங்குவதில்லை. பிரின்ஸ்டனில் 250,000 வரை உள்ள பெரும்பாலான குடும்பங்களுக்கு அதே சலுகை. இவை நுழைவதற்கு மிகக் கடினமான இடங்கள், அதனால் இவற்றை நம்பிப் பட்டியல் போட முடியாது. ஆனால் விலைப்பலகையைப் பார்த்து ஒதுக்கவும் வேண்டாம்.

ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும், உதவி போக நாம் கட்ட வேண்டியதைத் தோராயமாகக் காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும். 2011 முதல் சட்டப்படி கட்டாயம். வரிப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு கல்லூரிக்குக் கால் மணி நேரம் ஆகும். ஜி.பி.ஏ. (பள்ளி மதிப்பெண் சராசரி), எஸ்.ஏ.டி. (கல்லூரி நுழைவுத் தேர்வு) மதிப்பெண்ணைக் கேட்கும் கால்குலேட்டர் என்றால் மெரிட் தொகையையும் சேர்த்துக் காட்ட வாய்ப்புண்டு. வருமானத்தை மட்டும் கேட்டால் மெரிட் அதில் வராது. வந்த விடையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு சேமியுங்கள்.

இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, வருமான ஆண்டு. ஃபாஃப்சா இரண்டு வருடம் முந்தைய வரிக் கணக்கை எடுக்கிறது. பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போது வரும் ஜனவரியிலிருந்து பதினொன்றாம் வகுப்பின் டிசம்பர் வரை உள்ள காலண்டர் ஆண்டுதான் முதல் வருடக் கணக்குக்கு அடிப்படை. தேவை அடிப்படையில் உதவி கிடைக்கும் எல்லையில் இருப்பவர்கள், முடிந்தால் அந்த வருடத்தில் பெரிய அளவில் பங்குகளை விற்காதீர்கள்.

இரண்டாவது, ஊரில் உள்ள சொத்து. கோயம்புத்தூரில் வாங்கிப் போட்ட மனை, அடையாறில் வாடகைக்கு விட்ட ஃபிளாட், என்.ஆர்.ஓ. டெபாசிட் எல்லாமே சொத்துக் கணக்கில் காட்ட வேண்டியவை. இன்றைய மதிப்பிலிருந்து கடனைக் கழித்துக் காட்ட வேண்டும். "இந்தியாவில் இருப்பது இவர்களுக்கு எதற்கு" என்று விட்டுவிடுபவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போடுவது அமெரிக்க அரசுப் படிவத்தில் என்பதை மறக்காதீர்கள். குடியிருக்கும் வீடும் ஓய்வுக்காலக் கணக்குகளும் ஃபாஃப்சாவில் வராது. சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்ற இன்னொரு நிதி உதவிப் படிவத்தைக் கேட்கும் கல்லூரிகளில் பல, குடியிருக்கும் வீட்டின் மதிப்பையும் பார்க்கும்.

மூன்றாவது, பிள்ளையின் பெயரில் உள்ள சேமிப்பு. ஃபாஃப்சா அதில் 20 சதவீதத்தை வருடா வருடம் கல்லூரிக்குக் கொடுக்க முடியும் என்று எடுத்துக்கொள்கிறது. பெற்றோர் சொத்தில் அதிகபட்சம் 5.64 சதவீதம்தான்.

3. எந்தக் கல்லூரி மெரிட் தரும், எது தராது

ஐவி லீக் கல்லூரிகள் எட்டும், ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி., கால்டெக், வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட் போன்றவையும் மெரிட் ஸ்காலர்ஷிப் தருவதில்லை. அங்கே எல்லாப் பிள்ளைகளும் முதல் மாணவர்கள்தான். யாரையும் காசு கொடுத்து இழுக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. மெரிட் எங்கே கிடைக்கிறது என்பதற்கான விடையும் இதிலேயே இருக்கிறது: உங்கள் பிள்ளையைத் தன் பக்கம் இழுக்க விரும்பும் கல்லூரியில். அதாவது, அங்கே சேரும் மாணவர்களில் உங்கள் பிள்ளை மேல் கால்வாசிக்குள் வர வேண்டும். இதை மனதார ஏற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மெரிட்டில் இரண்டு வகை உண்டு.

தானாகக் கிடைப்பது ஒரு வகை. அலபாமா பல்கலைக்கழகம், மிசிசிப்பி ஸ்டேட் போன்றவை ஜி.பி.ஏ.வுக்கும் டெஸ்ட் மதிப்பெண்ணுக்கும் எவ்வளவு என்று அட்டவணையே போட்டு வெளியிடுகின்றன. அரிசோனா ஸ்டேட் தளத்தில் மதிப்பெண்ணைப் போட்டால் தோராயத் தொகையைக் காட்டும். வேறு மாநிலப் பிள்ளைகளுக்கும் உண்டு. நேர்காணல் இல்லை, அதிர்ஷ்டம் இல்லை. ஒவ்வொரு ஆண்டும் அட்டவணை மாறும் என்பதால், உங்கள் பிள்ளை சேரும் ஆண்டுக்கான பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். தேடலில் முதலில் வருவது பழைய ஆண்டாகவே இருக்கும்.

போட்டியில் கிடைப்பது இன்னொரு வகை. வாண்டர்பில்ட்டின் கொர்னீலியஸ் வாண்டர்பில்ட், டியூக்கும் வட கரோலினா பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் ராபர்ட்சன், வட கரோலினா பல்கலைக்கழகத்தின் மோர்ஹெட்-கெய்ன், பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் டிரஸ்டி, யு.எஸ்.சி.யின் (தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம்) டிரஸ்டி ஆகியவை முழு டியூஷன் அல்லது அதற்கும் மேல் தருபவை. விண்ணப்பிக்கலாம். ஆனால் கிடைக்காது என்று வைத்துக்கொண்டே பட்டியல் போடுங்கள். அட்மிஷன் கிடைப்பவர்களிலேயே மிகச் சிலருக்குத்தான் இது கிடைக்கிறது.

மாநில எல்லையைத் தாண்டும்போது விலை குறைக்கும் வழிகளும் இருக்கின்றன. மேற்கு மாநிலங்களில் வசிப்பவர்களுக்கு வெஸ்டர்ன் அண்டர்கிராஜுவேட் எக்ஸ்சேஞ்ச் வழியாகப் பக்கத்து மாநில அரசுக் கல்லூரிகளில் அந்த மாநிலத்தவர் கட்டும் உள்ளூர் டியூஷனில் 150 சதவீதத்துக்கு மேல் வாங்க மாட்டார்கள். தெற்கு மாநிலங்களுக்கு அகாடமிக் காமன் மார்க்கெட் என்ற திட்டம் உண்டு. டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் போட்டி முறையில் 1,000 டாலர் ஸ்காலர்ஷிப் வாங்கினாலே உள்ளூர்க் கட்டணம் கிடைக்க வழி இருக்கிறது. இடங்களுக்கு வரம்பு உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு வெளிமாநிலத்திலிருந்து விண்ணப்பிப்பவர்கள், பெரிய தள்ளுபடி எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

சொந்த மாநிலத்தை மறந்துவிடாதீர்கள். ஜார்ஜியாவில் ஹோப், செல் மில்லர் என்ற மாநில ஸ்காலர்ஷிப்புகள். புளோரிடாவில் பிரைட் ஃபியூச்சர்ஸ். 3.5 ஜி.பி.ஏ.வும் தேர்வு மதிப்பெண்ணும் 100 மணி நேரத் தொண்டும் இருந்தால் புளோரிடா அரசுக் கல்லூரியில் டியூஷன் முழுவதையும் மாநிலமே கட்டுகிறது. வேறு ஊரில் 25,000 டாலர் ஸ்காலர்ஷிப் வாங்கியும் இதைவிட அதிகம் கட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எஸ்.ஏ.டி.க்கு முன்னோட்டமான பி.எஸ்.ஏ.டி. தேர்வு பற்றி ஒரு வார்த்தை. பதினொன்றாம் வகுப்பு அக்டோபரில் எழுதுவதுதான் நேஷனல் மெரிட் என்ற தேசிய ஸ்காலர்ஷிப் போட்டிக்குக் கணக்கு. அந்தப் போட்டிக்குக் கணக்கிடும் குறியீட்டில் வாசிப்பு–எழுத்துப் பகுதிக்கு இரட்டை எடை, கணக்குக்கு ஒற்றை எடை. நம் பிள்ளைகளைக் கணக்கில் ஊற வைக்கிறோம். இந்த ஒரு தேர்வுக்கு வாசிப்பில்தான் நேரம் செலவிட வேண்டும். ஃபைனலிஸ்ட் ஆனால் அலபாமா, டல்லாஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம், துல்சா போன்றவற்றில் பெரிய தொகுப்பு கிடைக்கும். புளோரிடாவின் பெனக்விஸ்டோ ஸ்காலர்ஷிப் வெளிமாநிலப் பிள்ளைகளுக்கும் உண்டு. இவற்றில் பல, அந்தக் கல்லூரியை முதல் விருப்பமாக நேஷனல் மெரிட் அமைப்பிடம் குறிப்பிட்டால்தான் கிடைக்கும். அதற்குத் தனிக் கடைசித் தேதி.

4. காமன் டேட்டா செட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கல்லூரியின் விளம்பரத் தாளில் "எங்கள் மாணவர்களில் 90 சதவீதத்தினருக்கு உதவி கிடைக்கிறது" என்று இருக்கும். அதில் கடனும் அடக்கம். உண்மை தெரிய வேண்டுமானால் கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று சேர்த்துத் தேடுங்கள். பல கல்லூரிகள் வருடா வருடம் வெளியிடும் பி.டி.எஃப். அது.

சி9 பகுதியில் டெஸ்ட் மதிப்பெண்கள் இருக்கும். 75-ஆம் சதமானத்தைப் பாருங்கள் (சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அதற்குக் கீழே). பிள்ளையின் மதிப்பெண் அதற்கு மேலே இருந்தால் மெரிட்டுக்கு நல்ல வாய்ப்பு. நடுவில் இருந்தால் அட்மிஷன் கிடைக்கலாம், பணம் கிடைக்குமென்று நம்ப முடியாது.

அடுத்து எச்2, எச்2ஏ. இங்கே முதல் பத்தி முதலாண்டு மாணவர்களுக்கானது. 'ஏ' வரி மொத்த மாணவர்கள். 'சி' வரி பணத் தேவை உள்ளவர்கள். ஏ-யிலிருந்து சியைக் கழித்தால், நம்மைப் போலத் தேவை இல்லை என்று கல்லூரி முடிவு செய்தவர்களும் தேவை அடிப்படை உதவி கேட்காதவர்களும். எச்2ஏ-வின் 'என்' வரியில், அப்படித் தேவை இல்லாதவர்களில் எத்தனை பேருக்குக் கல்லூரியே ஸ்காலர்ஷிப் கொடுத்தது என்று இருக்கும். 'ஓ' வரியில் சராசரித் தொகை. ஒரு கணக்குக்கு, ஏ 2,000, சி 900, என் 550, ஓ 21,000 என்று வைத்துக்கொள்வோம். தேவை இல்லாத 1,100 பேரில் 550 பேருக்குச் சராசரியாக 21,000 டாலர். இரண்டு பேரில் ஒருவருக்கு. இந்தக் கல்லூரியைப் பட்டியலில் வைக்கலாம். இதே இடத்தில் என் 30 என்று இருந்தால், வழவழப்பான பிரசுரத்தில் எவ்வளவு பெரிய ஸ்காலர்ஷிப் பெயர் இருந்தாலும் அது நமக்கான கல்லூரி இல்லை.

பிறகு எளிய கழித்தல்: மொத்தச் செலவில் ஓ வரித் தொகையைக் கழியுங்கள். விடை உச்சவரம்புக்குள் வருகிறதா? 85,000-இல் 21,000 போனாலும் 64,000. கல்லூரி தாராளமாகக் கொடுக்கிறது என்பதும் நமக்குக் கட்டுப்படியாகிறது என்பதும் வேறு வேறு.

5. பட்டியலைக் கீழிருந்து கட்டுங்கள்

பெரும்பாலோர் கனவுக் கல்லூரியிலிருந்து ஆரம்பித்து, கடைசியில் ஒப்புக்கு இரண்டு "சேஃப்டி" போடுகிறார்கள். திருப்பிப் போடுங்கள்.

முதலில் பணமும் இடமும் உறுதியான இரண்டு கல்லூரிகள். இதற்கு நான் வைத்த அளவுகோல் மூன்று: அட்மிஷன் ஏறத்தாழ நிச்சயம், பிள்ளை விரும்பும் பாடத்தில் நேரடி இடம், அட்டவணை ஸ்காலர்ஷிப்பையோ உள்ளூர்க் கட்டணத்தையோ வைத்தே உச்சவரம்புக்குள் அடங்குவது. நான்காவதாக, பிள்ளை அங்கே மகிழ்ச்சியாகப் போகத் தயாராக இருக்க வேண்டும். அதனால் முதலில் போய்ப் பார்க்க வேண்டியதும் இந்தக் கல்லூரிகளைத்தான். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கென்று அங்கேயுள்ள ஹானர்ஸ் கல்லூரியையும் பாருங்கள். சில இடங்களில் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

இரண்டாவது அளவுகோலைத்தான் பலர் தவற விடுகிறார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் பல அரசுப் பல்கலைக்கழகங்களில் தனிப் போட்டி. கல்லூரியில் இடம் கிடைத்து, பாடத்தில் கிடைக்காமல் போகலாம். உள்ளே போய் மாற்றிக்கொள்வதும் சுலபமில்லை. இல்லினாய் அர்பானா-ஷாம்பெய்ன் போன்ற இடங்களில் இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்புகளுக்கு டியூஷனே அதிகம். பொதுவான செலவுப் பக்கத்தைப் பார்க்காமல் அந்தப் பாடத்துக்கான செலவைத் தேடிப் பாருங்கள்.

அதற்கு மேலே, காமன் டேட்டா செட் நம்பிக்கை தருகிற நான்கைந்து கல்லூரிகள். விலையே குறைவாக இருப்பதால் மெரிட் வராவிட்டாலும் சமாளிக்கக்கூடியவையும் இந்தத் தட்டில் வரலாம். இண்டியானாவின் அரசுப் பல்கலைக்கழகமான பர்டியூவில் 2013 முதல் டியூஷன் ஏறவில்லை. உள்ளூர்க்காரர்களுக்கு 9,992 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 29,000-க்குச் சற்றுக் கீழே. விடுதியும் சாப்பாடும் தனி.

அதற்கும் மேலே போட்டி ஸ்காலர்ஷிப்புக்காக இரண்டு மூன்று. உச்சியில் ஒன்றிரண்டு கனவுக் கல்லூரிகள், அதுவும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் சரி என்று சொன்னால் மட்டும். மொத்தம் பத்துப் பன்னிரண்டு போதும். பல கல்லூரிகளுக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப்பில் 20 வரை போடலாம் என்பதற்காக இருபதும் போட்டால் கட்டுரைகள் எல்லாம் அரைகுறையாகிவிடும்.

ஏர்லி டிசிஷன் என்பது "இடம் கொடுத்தால் வந்தே தீருவேன்" என்ற ஒப்பந்தம். மெரிட்டை நம்புகிற குடும்பத்துக்கு அது ஆகாது. மற்ற கல்லூரிகள் என்ன தருகின்றன என்று பார்க்கும் வாய்ப்பே போய்விடும். ஏர்லி ஆக்ஷன் அப்படியில்லை: முன்கூட்டியே விண்ணப்பித்தாலும் சேர்ந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அதைத் தாராளமாகப் போடுங்கள்.

6. எச்-4 பிள்ளைகளுக்கு

கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் குடும்பங்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது) உள்ள பிள்ளைக்கு ஃபாஃப்சா கிடையாது. அரசுக் கடனும் கிடையாது. கிரீன் கார்டுக்கான ஐ-485 விண்ணப்பம் நிலுவையில் இருந்தாலும் அதே கதை. ஆனால் கல்லூரி தன் பணத்தில் தரும் மெரிட் ஸ்காலர்ஷிப்புகள் பலவற்றுக்குக் குடியுரிமை நிபந்தனை இல்லை. நேஷனல் மெரிட்டும், கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்து அது மறுக்கப்படாமல் இருக்கும் பிள்ளைகளை, கூடிய சீக்கிரம் குடிமகனாகும் எண்ணம் இருந்தால் ஏற்றுக்கொள்கிறது. பள்ளிக் கவுன்சிலர்களுக்கே இது தெரிவதில்லை. "உன்னால் முடியாது" என்று சொன்னால் விதிமுறையை எடுத்துக் காட்டுங்கள்.

ஒவ்வொரு கல்லூரிக்கும் மின்னஞ்சலில் மூன்று கேள்விகள் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். எச்-4 மாணவரை உள்ளூர் மாணவராக எடுத்துக்கொள்வீர்களா, வெளிநாட்டவராகவா? உள்ளூர்க் கட்டணம் உண்டா? படிப்பின் நடுவில் எஃப்-1-க்கு மாறினால் கட்டணமும் ஸ்காலர்ஷிப்பும் என்ன ஆகும்? மூன்றாவது கேள்விதான் முக்கியம். 21 வயதானால் எச்-4 முடிந்துவிடும். பல பிள்ளைகளுக்கு அது மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டில் வருகிறது. ஒரு கல்லூரியின் பதில் அடுத்த கல்லூரிக்குப் பொருந்தாது.

7. காலண்டர்

பதினொன்றாம் வகுப்பு முடிவதற்குள் எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. ஒரு நல்ல மதிப்பெண்ணோடு முடிந்திருக்க வேண்டும். மதிப்பெண் அனுப்புவது விருப்பம் என்னும் "டெஸ்ட் ஆப்ஷனல்" அட்மிஷனுக்கு மட்டும். ஸ்காலர்ஷிப்புக்கு மதிப்பெண் கேட்கும் இடங்கள் உண்டு.

கோடை விடுமுறையில் பட்டியல் முடிவாக வேண்டும். ஆகஸ்ட் 1 காமன் ஆப் திறக்கும். அக்டோபர் 1-ஐ ஒட்டி ஃபாஃப்சா, சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல்.

நவம்பர் 1-ஐச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். பர்டியூ, ஒஹாயோ ஸ்டேட், மேரிலாந்து, யு.எஸ்.சி. ஆகிய இடங்களில் மெரிட் வேண்டுமானால் அந்த முதல் கெடுவுக்குள் விண்ணப்பம் போக வேண்டும். அட்மிஷனுக்கான கடைசித் தேதி ஜனவரியில் இருந்தாலும், அதுவரை காத்திருந்தால் ஸ்காலர்ஷிப் வரிசை முடிந்திருக்கும். வாண்டர்பில்ட், பாஸ்டன் போன்றவை டிசம்பர் 1-ஐ ஒட்டி. தேதிகள் ஓரிரு நாள் மாறும் என்பதால் ஆகஸ்டில் ஒருமுறை எல்லாவற்றையும் சரிபாருங்கள்.

விண்ணப்பம் போன பிறகு வரும் மாணவர் போர்ட்டலைத் திறந்து பார்ப்பதும் வேலையின் ஒரு பகுதி. சில பல்கலைக்கழகங்களில் ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் அந்தப் போர்ட்டலுக்குள்தான் இருக்கிறது. பிள்ளை மின்னஞ்சல் பார்ப்பதில்லை என்றால், கல்லூரி விஷயத்துக்கென்று பெற்றோரும் பார்க்கும்படி ஒரு தனி முகவரி ஏற்படுத்துங்கள்.

8. ஆவணங்களும் செலவும்

கையில் இருக்க வேண்டியவை: இரண்டு வருட 1040 வரிப் படிவம், டபிள்யூ-2, வங்கி மற்றும் முதலீட்டு அறிக்கைகள், ஊர்ச் சொத்தின் மதிப்பும் வாடகை வரவும், 529 இருப்பு, பிள்ளையின் சோஷியல் செக்யூரிட்டி எண், கிரீன் கார்டு அல்லது பாஸ்போர்ட். ஃபாஃப்சா போடத் தேவையான எஃப்.எஸ்.ஏ. ஐ.டி.யைப் பெற்றோர், பிள்ளை இருவருக்கும் செப்டம்பரிலேயே எடுத்துவிடுங்கள். தேவை அடிப்படை உதவி கிடைக்காது என்று தெரிந்தாலும் ஃபாஃப்சா போடுவது நல்லது. பிள்ளையின் பெயரில் அரசுக் கடன் வேண்டுமானால் அது இல்லாமல் நடக்காது, சில கல்லூரிகள் மெரிட்டுக்கும் கேட்கின்றன.

எஸ்.ஏ.டி. ஒரு முறைக்கு 68 டாலர். விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் 50 முதல் 90 வரை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு வளாகத்துக்கும் 80. சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் முதல் கல்லூரிக்கு 25, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16. வருமானம் 100,000 வரை இருந்தால் இலவசம். பத்துக் கல்லூரிகளுக்கு ஆயிரம் டாலரை ஒதுக்கிவிடுங்கள். மதிப்பெண்ணைப் பிள்ளையே குறிப்பிட்டால் போதும் என்று பல கல்லூரிகள் ஏற்கின்றன. அங்கெல்லாம் காசு கட்டி அனுப்ப வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கில் வாங்கும் தனியார் ஆலோசகர் இல்லாமலே மேலே சொன்ன அத்தனையும் செய்யலாம்.

9. உதவிக் கடிதத்தைக் கழித்துப் படியுங்கள்

மார்ச், ஏப்ரலில் கடிதங்கள் வரும். பேரன்ட் பிளஸ் வரம்பு வருவதற்கு முன், எங்களுக்கு ஒரு கல்லூரியிலிருந்து வந்ததன் கடைசி வரியில் "நீங்கள் கட்ட வேண்டியது: 0" என்று இருந்தது. மேலே போய்ப் பார்த்தால்: மொத்தச் செலவு 82,400. ஸ்காலர்ஷிப் 22,000. மாணவர் கடன் 5,500. வேலை செய்து சம்பாதிக்க வேண்டியது 3,000. பேரன்ட் பிளஸ் கடன் 51,900. கடனை "உதவி" என்று போட்டுக் கழித்திருந்தார்கள். உண்மையில் அந்தக் கல்லூரியின் விலை 60,400 டாலர்.

அதனால் கடிதத்தில் இருக்கும் கூட்டலை ஒதுக்கிவிட்டு, மொத்தச் செலவிலிருந்து ஸ்காலர்ஷிப்பையும், திருப்பிக் கட்ட வேண்டாத உதவித்தொகையான கிராண்டையும் மட்டும் கழியுங்கள். விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு, புத்தகம் ஆகியவை விட்டுப்போயிருந்தால் சேருங்கள். வந்த விடையை அப்படியே நான்கால் பெருக்காதீர்கள். டியூஷன் வருடா வருடம் ஏறும். ஸ்காலர்ஷிப் தொகை பெரும்பாலும் அப்படியே நிற்கும். நான் வருடத்துக்கு 4 சதவீதம் ஏற்றிக் கணக்குப் போட்டேன்.

பிறகு நிபந்தனைகள். எவ்வளவு ஜி.பி.ஏ. இருந்தால் அடுத்த வருடம் தொடரும்? 3.0 என்றால் பரவாயில்லை. இன்ஜினியரிங் பிள்ளைக்கு 3.5 என்றால் யோசிக்க வேண்டும். முதல் வருட இயற்பியலிலும் கால்குலஸிலும் தடுமாறுவது சகஜம். ஒரு செமஸ்டர் குறைந்தால் எச்சரிக்கையா, உடனே நிறுத்தமா? எட்டு செமஸ்டருக்கா? பாடம் மாற்றினால் தொடருமா? வெளியிலிருந்து வேறு ஸ்காலர்ஷிப் வந்தால் கல்லூரி தன் தொகையைக் குறைத்துவிடுமா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் சின்னச் சின்ன ஸ்காலர்ஷிப்புகளுக்குப் பிள்ளையை ஓட விடாதீர்கள்.

10. கேட்டுப் பாருங்கள், பிறகு மே 1

ஒரே தரத்தில் உள்ள வேறு கல்லூரி அதிகம் கொடுத்திருந்தால் அந்தக் கடிதத்தை இணைத்து, "எங்கள் மகளுக்கு உங்கள் கல்லூரிதான் விருப்பம், வருடத்துக்கு இவ்வளவு குறைகிறது" என்று தொகையைக் குறிப்பிட்டு எழுதுங்கள். தனியார் கல்லூரிகளில் இதற்குப் பலன் கிடைப்பதுண்டு. அட்டவணைப்படி கொடுக்கும் அரசுக் கல்லூரிகள் அசைவது அரிது. இடையில் வேலை போயிருந்தால் அது வேறு வழி: வேலை நீக்கக் கடிதம், செவரன்ஸ் விவரம், இந்த வருட வருமானத் தோராயம் ஆகியவற்றோடு நிதி உதவி அலுவலகத்திடம் மறுபரிசீலனை கேளுங்கள். பழைய வரிக் கணக்கை விட்டு இன்றைய நிலைமையைப் பார்க்கும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது. இந்த மின்னஞ்சல்களை ஏப்ரல் முதல் வாரத்திலேயே அனுப்புங்கள். கடைசி வாரத்தில் பதில் வராது.

பெரும்பாலான கல்லூரிகளுக்கு மே 1 கடைசித் தேதி. டெபாசிட் ஒரே இடத்தில்தான் கட்ட வேண்டும். விடுதிக்குத் தனி விண்ணப்பமும் தனிக் கட்டணமும் இருக்கும். பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் நல்ல அறைகள் முன்பே போய்விடும் என்பதால், பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று பார்த்துவிட்டு, வாய்ப்புள்ள ஒன்றிரண்டு இடங்களில் முன்னதாகவே போட்டு வைக்கலாம். வேண்டாத கல்லூரிகளுக்கு "வரவில்லை" என்று போர்ட்டலில் சொல்லிவிடுங்கள், காத்திருக்கும் வேறு பிள்ளைக்கு இடம் போகும். ஸ்காலர்ஷிப் கடிதத்தையும் நிபந்தனைப் பக்கத்தையும் பி.டி.எஃப். ஆக இறக்கி வையுங்கள். 529 கணக்கிலிருந்து பணம் எடுக்கும்போது, செலவு நடக்கும் அதே காலண்டர் ஆண்டுக்குள் எடுங்கள். வசந்த கால செமஸ்டருக்கு டிசம்பரிலேயே பில் வரும். டிசம்பரில் கட்டினால் டிசம்பரில் எடுங்கள், ஜனவரிக்குத் தள்ளாதீர்கள்.